பூட்டு டீச்சர் மேடேறின கதை

பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. இரண்டு தடவை இழுக்கிறவர்களும் உண்டு. இவள் தெருமுனை வரை போய்விட்டு, பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொள்ள, திரும்பி ஓடி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம். அதனாலேயே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'பூட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். சக வாத்தியார்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் அது பழகிப் போயிற்று.

பயந்த சுபாவம் என்று சொன்னால் பத்தாது. இடி இடித்தால் மெயினை அணைக்கச் சொல்லுவாள். புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், நாள் முழுக்கக் கரண்டோடு குடித்தனம் நடத்துகிறவன். அவனுக்கே ஸ்க்ரூடிரைவரை எப்படிப் பிடிக்கணும் என்று வாசலில் நின்று புத்தி சொல்லுவாள். நாய் என்றால் கேட்கவே வேண்டாம். வாலாட்டுகிற நாயைக் கண்டாலும் அது கடிப்பதற்கு முன்னால் காட்டுகிற மரியாதை என்றுதான் நினைப்பாள்.

அப்படிப்பட்டவள் கடல் தாண்டிப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறேன் என்று கிளம்பினதற்குக் காரணம் ஒரு பாம்பு.

மூன்றாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஓட்டிடுக்கிலிருந்து அது மேஜை மேல் விழுந்தது. அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நினைவு வந்தபோது பள்ளிக்கூடக் கேட்டையும் தாண்டி ரோட்டில் நின்றாள். கையில் சாக்பீஸ் இருந்தது. பிள்ளைகள் உள்ளே பெஞ்சு மேல் ஏறி நின்று அலறிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் வந்து ஒரு குச்சியால் அதைத் தள்ளிக்கொண்டு போனான். விஷமில்லாத பாம்பு. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் முன் பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண்பிள்ளை மட்டும், கோபமாகக்கூட இல்லை, சும்மா தெரிந்துகொள்கிற மாதிரிக் கேட்டது.

"டீச்சர், நீங்க ஏன் எங்கள விட்டுட்டு ஓடிட்டீங்க?"

அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. வெளிநாட்டுப் பள்ளிகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் சொல்ல ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது எழுதிப் போட்டாள். தைரியத்தை வளர்த்துக்கொள்ளத்தான் போனாள் என்று பின்னாளில் ஊரார் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தில் தினமும் விழிக்க முடியாமல்தான் போனாள் என்பது என் கட்சி.

புருஷன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திற்று.

"வெளிநாட்டுக்கா? நீயா? மாடிப்படி பல்பு போச்சுன்னா மாடியே வேணாம்னு கீழ படுக்கிறவ நீ."

"ரெண்டு வருஷம்தான்."

"அங்க பூட்டு கிடைக்குமான்னு விசாரிச்சியா?"

கேலி இரண்டு நாள் ஓடியது. அப்புறம் அவனே கடைக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்து, பேசாமல் அவள் பெட்டியில் வைத்தான். அடித்தாலும் உடையாத பூட்டு. சாவி போடவே இரண்டு கை வேண்டும்.

*

போய் இறங்கின ஊரில் முதலில் பயிற்சி. பழைய விடுதிக் கட்டடம் ஒன்றில் எல்லாரையும் வைத்திருந்தார்கள். காலையில் அந்த நாட்டுப் பாஷை. மத்தியானம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்ப்பது. பாஷை அவளுக்கு வாயில் ஏறவே இல்லை; பிறர் பேசினால் ஒருவாறு புரியும், அவ்வளவுதான். உட்கார், எழுது, வரிசை, கையைப் பிடி, எவ்வளவு, போதும் என்று பிழைப்புக்கு வேண்டிய அளவுக்குப் பொறுக்கிக்கொண்டாள்.

பயிற்சி கொடுத்த அம்மாளுக்குக் குரல் கனம். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பின்னால் போய் 'விசிலம்மா' என்பார்கள். சாப்பிடும்போதோ குளிக்கும்போதோ திடீரென்று விசிலை ஊதுவாள். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒத்திகை. போட்டது போட்டபடி எல்லாரும் கேட்டருகே மரத்தடிக்கு ஓடி வரவேண்டும்.

"கையில எதையும் எடுக்காதீங்க. யாரையும் தேடாதீங்க. உங்க உசுரை மட்டும் நீங்க தூக்கிட்டு வாங்க, அது போதும்."

ஒவ்வொரு தடவையும் மரத்தடிக்கு முதலில் வந்து நிற்பவள் பூட்டு டீச்சர்தான். ஒரு தரம் தலையில் சோப்பு நுரையோடு வந்து நின்றாள்.

"இவங்களப் பாருங்க, இப்படித்தான் வரணும்!" என்று விசிலம்மா கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. பாம்பைப் பார்த்து ஓடினதற்குப் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

யாருக்கு எந்த ஊர் என்று சொன்ன நாளில், விசிலம்மா முற்றம் முழுக்கச் சாக்பீஸால் படம் வரைந்து வைத்திருந்தாள். ரோடு, ஆறு, ஊர்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் ஊர் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். பட்டணம் கிடைத்தவர்கள் நடுமுற்றத்தில் கும்பலாக நின்று அரட்டை அடித்தார்கள். பூட்டு டீச்சரை ஆற்றின் கரையோடு நடக்கச் சொன்னாள். நடந்தாள். இன்னும் போகச் சொன்னாள். முற்றமே முடிந்து, சமையல்கட்டுச் சாக்கடை ஓரத்தில் போய் நின்றாள்.

பக்கத்தில் துணி துவைக்கிற கல்லருகே நின்றவன் ஒரு பையன். கண்ணாடி அத்தனை கனம். எல்லாருக்கும் அவன் சோடாபுட்டி.

"என்னக்கா, நாம பக்கத்து ஊரு. உப்பு தீர்ந்துச்சுன்னா வாங்கிக்க வரலாமா?"

"எட்டிப் பிடிக்கிற தூரத்துலதான் நிக்கிற. நிஜத்துல எவ்வளவு தம்பி?"

"பஸ்ல அரை நாள்."

அவள் ஒரு அடி அவன் பக்கமாகத் தள்ளி நின்றாள்.

விசிலம்மா வந்து விவரம் சொன்னாள். பள்ளிக்கூடம் ஆற்றங்கரையில். மேலே அணை இருக்கிறது. திறந்துவிட்டால் தண்ணீர் வரும். ஊருக்குப் பின்னால் ஒரு மேடு, அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அபாயம் என்றால் அங்கே ஏறிவிட வேண்டும். இவர்களை அனுப்புகிற ஆபீஸிலிருந்து முதல் ஆளுக்குப் போன் வரும், அவர் அடுத்தவரைக் கூப்பிடுவார், அப்படியே கைமாறிக் கைமாறி வரும்.

"சோடாபுட்டி உங்களைக் கூப்பிடுவான். நீங்கதான் கடைசி. மேல ஏறினதும் நீங்க ஆபீஸுக்குப் பேசணும். நீங்க பேசினாத்தான் எல்லாரும் பத்திரம்னு எங்களுக்குத் தெரியும்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் கொஞ்சம் கறார். முன்னாடி அனுப்பின ஆளை அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்கு வேணாம்னு ஒரே வார்த்தை. உங்களையும் ஒரு மாசம் பார்ப்பாங்க. அவங்க வேணாம்னா நேரா வீட்டுக்குத்தான் டிக்கெட்."

வீடு என்றதும் அவளுக்குப் புருஷன் முகம் வரவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளையின் முகம்தான் வந்தது.

*

போய்ச் சேர்ந்த ஊரில் தையற்காரர் ஒருவர் வீட்டின் பின் அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். அறைக்கு இரண்டு கதவு. ஒன்று தெருப்பக்கம். இன்னொன்று பின்பக்கம், திறந்தால் மேட்டுக்குப் போகிற படிக்கட்டு நேரே தொடங்கும். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதுவும் போதாமல் இரும்புப் பெட்டியை நகர்த்தி முட்டுக் கொடுத்தாள். முன்கதவுக்குப் பித்தளைப் பூட்டு.

தையற்காரர் நாயின் பெயர் போலீஸ். மஞ்சள் நிறம். அதற்குப் படுக்க ஊரில் வேறு இடமே கிடையாது. தெருவிலிருந்து மேட்டுக்குத் திரும்புகிற சந்தில், குறுக்கே நீட்டிக் கிடக்கும்.

ஊரில் கைப்போனுக்குச் சிக்னல் எடுப்பது அந்த மேட்டின் மேல் மட்டும்தான். தினம் சாயங்காலம் ஏறிப் போய், ஆபீஸ் ஏதாவது அனுப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது கட்டளை. பிள்ளைகள் துணை இருந்த நாளெல்லாம் போனாள். இல்லாத நாளில் சந்து வரை போவாள். போலீஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். அவள் திரும்பிவிடுவாள். முட்டுக் கொடுத்த பின்கதவைத் திறந்து போகிற எண்ணமே அவளுக்கு வராது.

நாயையும் அணையையும் சேர்த்து வைத்தாலும் தலைமை டீச்சருக்கு ஈடாகாது. நெட்டையான, எலும்பெடுத்த அம்மாள். வகுப்பின் கடைசியில் வந்து நிற்பாள். அவள் நிற்பது தெரிந்ததும் பூட்டு டீச்சருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சாக்பீஸ் இரண்டாக உடையும். போகும்போது ஒரு வார்த்தை.

"சத்தம் பத்தல."

இன்னொரு நாள், "போர்டை மறைக்காதீங்க."

அவ்வளவுதான். நல்லது கெட்டது முகத்தில் தெரியாது.

வகுப்புச் சுவரில் அவள் தலைக்கு மேலே கறுப்பாக ஒரு கோடு ஓடியது. அது என்ன என்று பிள்ளைகளைக் கேட்டாள். ஒரு வருஷம் தண்ணீர் அதுவரைக்கும் வந்தது என்று சைகை காட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து பாடம் நடத்தும்போதெல்லாம் கண் தானாக அந்தக் கோட்டுக்குப் போகும்.

மாசம் முடிய இன்னும் இரண்டே நாள். அன்றைக்குச் சாயங்காலமும் சந்து வரை போனாள், போலீஸ் கொட்டாவி விட்டது, பல்லைப் பார்த்தாள், திரும்பினாள்.

மறுநாள் காலை. தலைமை டீச்சர் பள்ளிக்கூடத்துப் பின்புறம் குழாய் ரிப்பேர்க்காரனோடு நின்று வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஆபீஸ் அறைப் போன் அடித்தது. பூட்டு டீச்சர் ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா! மேட்டுக்குக் கிளம்புங்க!" சோடாபுட்டிக்கு மூச்சு இரைத்தது. "எல்லாரையும் ஏறச் சொல்லிட்டாங்க. நானும் ஏறிட்டிருக்கேன். நீங்கதான் கடைசி, மேல போய் ஆபீஸுக்குப் பேசிடுங்க. சீக்கிரம்!"

"தம்பி, தண்ணி..."

வைத்துவிட்டான்.

கால் அவளைக் கேட்கவில்லை. போனைக் கீழே போட்டதும் தெரியாது, படி இறங்கினதும் தெரியாது. கேட்டின் கொக்கியில் கை இருந்தது. ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள்.

பின்னால் பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று அவள் சொல்லிக் கொடுத்த பாடம். நாலாவது வரியில் அவள் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே தப்பாக, ராகம் போட்டு, ஒரே குரலில்.

அவள் திரும்பினாள். வீரம் எல்லாம் ஒன்றுமில்லை. மணிக்கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். நிறுத்தத் தெரியாமல் ஆட்டினாள்.

"தண்ணி! மேல! வரிசை! கையைப் பிடி!"

வாயில் வந்த வார்த்தை அவ்வளவுதான். போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தலைமை டீச்சர் ஓடி வந்தாள்.

"என்ன?"

"போன்! தண்ணி வருது!"

அந்த அம்மாள் போனைப் பார்க்கவில்லை, பூட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படி ஒரு பேயறைந்த முகம்.

தெருவில் பிள்ளைகள் கைகோத்து ஓடுவதைப் பார்த்ததும் ஊரும் கிளம்பிவிட்டது. மேட்டுக்குத் திரும்புகிற சந்தில் ஆளும் வண்டியுமாக அடைத்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் நசுங்கத் தொடங்கின. பூட்டு டீச்சர் தையற்காரர் வீட்டுக்குள் பாய்ந்தாள். இரண்டு கையாலும் சாவியைப் போட்டாள். சாவி ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. திறந்தது. உள்ளே ஓடி, தனியாளாக அந்த இரும்புப் பெட்டியை இழுத்துப் போட்டாள், தாழ்ப்பாளைத் தட்டினாள். முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேறி, முழுப் பள்ளிக்கூடமும் அவள் அறை வழியாக, அவள் பாயை மிதித்துக்கொண்டு, மேடேறிப் போயிற்று. அவர்கள் பின்னால் தையற்காரர். மளிகைக் கடைக்காரன் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினான். குழாய் ரிப்பேர்க்காரன் கையில் ரெஞ்சோடு, என்ன ஏது என்று தெரியாமலேயே ஓடினான்.

கடைசியாக ஏறினவள் அவள்தான். இடுப்பில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அது பயத்தில் அவள் மேலேயே ஈரம் பண்ணிவிட்டது. அவள் பண்ணாமல் போனதே பெரிய காரியம்.

*

மேட்டின் மேல் ஊரே நின்று ஆற்றைப் பார்த்தது. ஆறு எப்போதும் போலப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் ஒருவன் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். மேலே இத்தனை ஜனம் நிற்பதைப் பார்த்து, ஏதோ விசேஷம் போல என்று கையாட்டினான்.

அப்போது எப்போதும் அவள் தோளில் தொங்குகிற பையில் கைப்போன் அதிர்ந்தது. முதலில் புருஷன் அனுப்பினது. 'பூட்டு வேலை செய்யுதா?' அடுத்தது ஆபீஸ் அனுப்பினது, நேற்றுச் சாயங்காலம் மேடேறியிருந்தால் அப்போதே கிடைத்திருக்கும். நாளைக் காலை ஒத்திகை. நீங்கள் மட்டும் மேடேறிவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்குத் தொந்தரவு வேண்டாம்.

இன்னொரு தரம் படித்துப் பார்த்தாள். பாம்பு விழுந்தபோது இல்லாத பயம், மணி அடித்தபோது இல்லாத பயம் இப்போது வந்தது. ஒரு ஊரையே அடுப்பு எரிய எரிய, கடை திறந்தது திறந்தபடி, நோயாளியை நாற்காலியோடு மேலே ஏற்றியிருக்கிறாள். ஒன்றுமே இல்லாததற்கு.

இதில் இன்னொரு சங்கதி. வெறும் ஒத்திகை என்று அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அணையை மூடிவிட்டார்கள், போதும், போகலாம் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் அவளைக் கும்பிட்டுக்கொண்டு இறங்கிப் போவார்கள். பொய்க்கு வேண்டிய வார்த்தையெல்லாம் அவளிடம் இருந்தது. உண்மைக்குத்தான் இல்லை. ஒத்திகை என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன என்று அவளுக்குத் தெரியாது.

கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி அண்ணாந்து கேட்டது. "தண்ணி எப்போ வரும் டீச்சர்?"

"வராது."

வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"தண்ணி இல்ல. போன்... சும்மா. பரீட்சை. எனக்குப் பரீட்சை. நேத்து இங்க வரணும், போன் பார்க்கணும். நான் வரல." கீழே சந்தைக் காட்டினாள். "நாய். பயம். நான் தப்பு."

தையற்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஐயையோ, இஸ்திரிப் பெட்டி! மாப்பிள்ளைக் கோட்டு!" என்று தலைதெறிக்க இறங்கினார்.

மளிகைக்காரன் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பாவ நாற்காலியோட தூக்கிட்டு ஏறியிருக்கேன். நாயாம், பயமாம்! என் முதுகு போச்சு, இவங்களுக்குப் பரீட்சையாம்!"

"கத்தாதடா," என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர். "படுத்ததிலேர்ந்து இன்னைக்குத்தான் ஆத்தப் பார்க்கறேன். கொஞ்ச நேரம் இருக்க விடு."

தலைமை டீச்சர் பிள்ளைகளை எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பிறகு கிட்டே வந்தாள்.

"போன்ல யாரை ஏறச் சொன்னாங்க?"

"என்னை."

"உங்களை மட்டுமா?"

ஆமாம் என்று பூட்டு டீச்சர் தலையை ஆட்டினாள்.

"நீங்க கேட் வரைக்கும் போனீங்க. நான் பின்னாடியிருந்து பார்த்தேன்."

அவ்வளவுதான், டிக்கெட் கிழிந்தது என்று நினைத்தாள். "ஆமா," என்றாள்.

"அப்புறம் ஏன் திரும்புனீங்க?"

அவள் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"பிள்ளைங்க... வாசிச்சுட்டு இருந்தாங்க."

*

ஆபீஸுக்குப் பேச வேண்டும் என்பதை அவள் அடியோடு மறந்துபோனாள். கடைசி ஆள் பேசவில்லை, பள்ளிக்கூடத்துப் போனும் எடுபடவில்லை, அது கீழே விழுந்து கிடந்தது. ஆபீஸில் பதறிப்போய், மத்தியானத்துக்கு மேல் விசிலம்மாவே ஜீப்பில் வந்து குதித்தாள். நடந்ததைக் கேட்டதும் பயமெல்லாம் கோபமாக மாறிற்று.

"உங்க உசுர மட்டும் தூக்கிட்டு வாங்கன்னு தலையில அடிச்சுச் சொன்னேனே! சாயங்காலம் போன் பாக்கல. முடிஞ்சதும் பேசல. ஊரையே கிளப்பி விட்டிருக்கீங்க." தலைமை டீச்சர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோங்கம்மா. இவங்கள இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

பூட்டு டீச்சர் சுவரிலிருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டி கட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"முன்னாடி ஒருத்தர அனுப்பினீங்களே," என்றாள் தலைமை டீச்சர்.

"ஆமா. ஏன் வேணாம்னீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நீங்க சொல்லல."

"போன மழைக்குத் தண்ணி படி வரைக்கும் வந்துச்சு. அவரு நீங்க சொன்னபடியே பண்ணினாரு. ஒரு குறை சொல்ல முடியாது. முத ஆளா மேட்டுல போய் நின்னாரு. அங்கேர்ந்து எங்களப் பார்த்துக் கையாட்டினாரு."

விசிலம்மாவின் கை தானாகக் கழுத்து விசிலைப் பிடித்துக்கொண்டது.

"இவங்க இருக்கட்டும்," என்றாள் தலைமை டீச்சர். பிறகு பூட்டு டீச்சரிடம், அதே கறார் குரலில்: "ஆனா மணிய நான்தான் அடிப்பேன். அடுத்த தடவை முதல்ல என்கிட்ட சொல்லணும். மளிகைக்காரர்கிட்டயும் தையற்காரர்கிட்டயும் நீங்களே போய் மன்னிப்புக் கேக்கணும். அந்தக் கோட்டு கருகிப் போச்சாம். அப்புறம் அந்த நாலாவது வரி தப்பு. நாளைக்கு முதல் வேலையா அதைத் திருத்துங்க."

"சரிம்மா."

"சாயங்காலம் போன் பாக்க நானும் வர்றேன். எனக்கும் அந்த நாயைக் கண்டா ஆகாது."

அறைக்குத் திரும்பினபோது முன்கதவும் பின்கதவும் பப்பரப்பா என்று திறந்து கிடந்தன. காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போயிற்று. பித்தளைப் பூட்டு சாவியோடு வாசலில் கிடந்தது. பாஸ்போர்ட், பணம் எல்லாம் வைத்த பை நாற்காலி மேல் போட்டபடி. பாய் முழுக்கப் பிள்ளைகளின் கால்தடம். அதன் நடுவில் போலீஸ் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் உள்ளே போகவில்லை. போகத் தைரியம் வரவில்லை. வாசலிலேயே தலைமை டீச்சர் வரும் வரைக்கும் நின்றாள். அந்த அம்மாளும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு சந்து வழியாக, ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடேறினார்கள்.

மேலே போனதும் புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்ன டீச்சரம்மா, பூட்டு வேலை செய்யுதா?"

"செய்யுது."

"இப்போ பூட்டிட்டுத்தான வந்திருக்க?"

"இல்ல. திறந்து கெடக்கு."

"என்னது?" என்று அவன் கத்தினது பக்கத்தில் நின்ற தலைமை டீச்சருக்கே கேட்டது. "யாரு இருக்கா உள்ள?"

"போலீஸ்," என்றாள் பூட்டு டீச்சர். அவன் பதறி மேலே கேட்பதற்குள், அவளுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதும் தலைமை டீச்சரின் முழங்கையை அவள் விடவில்லை.